மகள் கால்பந்தை விடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள்

ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் எங்கள் வளரிளம் பருவ நலப் பிரிவுக்குச் சில பெற்றோர் ஒரே வகையான கோரிக்கையுடன் வருகின்றனர். "டாக்டர், இவளால் விளையாட முடியாது என்று ஒரு சான்றிதழ் எழுதித் தாருங்கள், பள்ளியில் கேட்கிறார்கள்" என்பதே அக்கோரிக்கை. உடன் வரும் பிள்ளைக்குப் பெரும்பாலும் 12 முதல் 15 வயது இருக்கும். சென்ற ஆண்டு வரை பள்ளிக் கால்பந்து அணியில் ஓடியாடியவளாகவே அவள் இருப்பாள்.

சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய சான்றிதழ் ஒன்றில் நானும் கையொப்பமிட்டேன். சிறுமிக்கு 13 வயது. ஓடினால் மூச்சு வாங்குகிறது, விரைவில் சோர்ந்துவிடுகிறாள் என்றார் தாய். இதயத்தையும் நுரையீரலையும் பரிசோதித்தேன், குறையேதும் தெரியவில்லை. வெளியே நோயாளிகளின் வரிசை நீண்டிருந்தது. ஓராண்டு விளையாட்டிலிருந்து ஓய்வு தேவை என எழுதிக் கொடுத்தேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து அதே பிள்ளை தலைச்சுற்றலுடன் வந்தாள். இரத்தத்தில் ஹீமோகுளோபின் 8.6 கிராம் மட்டுமே இருந்தது. பூப்பெய்திய நாள் முதலாகவே ஒவ்வொரு மாதமும் ஒன்பது, பத்து நாட்கள் இரத்தப்போக்கு இருந்திருக்கிறது. தாயைச் சற்று நேரம் வெளியில் அமரச் சொல்லிவிட்டு, செவிலியர் உடனிருக்க அவளிடம் தனியே பேசினேன். "மூச்சு வாங்கியது உண்மைதான், டாக்டர். ஆனால் நான் மைதானத்துக்குப் போகாமல் நின்றதற்கு அது காரணமில்லை. எங்கள் அணிக்கு வெள்ளைக் கால்சட்டை. கறை பட்டால் என்ன செய்வது என்று கேட்க எனக்கு யாரும் இல்லை" என்றாள்.

சிகிச்சையால் இரத்தசோகை குணமாயிற்று. ஆனால் அவள் மைதானத்துக்குத் திரும்பவில்லை. உடன் ஆடிய தோழியர் முன்னேறிவிட்டனர். அவளுக்கோ கூச்சம் கூடிவிட்டது. மாத்திரையால் திருப்பித் தர முடியாத இரண்டு ஆண்டுகள் அவை. (அவள் யாரென அறிய இயலாதபடி சில விவரங்களை மாற்றியுள்ளேன்.)

அன்று நான் கேட்கத் தவறிய கேள்விகளையும், அவளுக்குக் கிடைக்காமற்போன துணையையும் பற்றியதே இக்கட்டுரை. வளரிளம் பெண்கள் விளையாட்டை விட்டு விலகுவதற்குத் திறமைக் குறைவோ ஆர்வக் குறைவோ காரணமாக இருப்பது அரிது. பெரும்பாலும் எளிதில் தீர்க்கக்கூடிய ஓர் உடல்நலச் சிக்கலும், அதைப் பற்றிப் பேச நம்பகமான மூத்த பெண் ஒருவர் இல்லாமையும் சேர்ந்தே அவர்களை வெளியேற்றுகின்றன.

விலகும் வயதும் இழப்பும்

5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடங்களாவது மிதமான அல்லது தீவிரமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வாரத்தில் மூன்று நாட்களாவது அவ்வியக்கம் எலும்பையும் தசையையும் வலுப்படுத்துவதாக இருத்தல் வேண்டும். 2016-ஆம் ஆண்டு வரையிலான தரவுகளைக் கொண்டு 146 நாடுகளில் அந்நிறுவனம் செய்த மதிப்பீட்டின்படி, 11 முதல் 17 வயதுப் பெண்களில் 85 விழுக்காட்டினர் இந்த அளவை எட்டவில்லை. அதே வயது ஆண்களில் இது 78 விழுக்காடு.

இழப்பு எலும்பிலிருந்து தொடங்குகிறது. ஒரு பெண் தன் வாழ்நாளில் அடையக்கூடிய உச்ச எலும்பு வலிமையில் ஏறத்தாழ 90 விழுக்காடு 18 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. அதை ஒரு சேமிப்புக் கணக்கு எனலாம். பணம் போடும் காலம் பெரும்பாலும் பள்ளிப் பருவத்தோடு முடிந்துவிடும். மாதவிடாய் நின்ற பிறகு எடுக்கும் காலமே எஞ்சும். ஓட்டம், குதித்தல், திடீரென நிற்றல், திரும்புதல் ஆகியவை எலும்புக்கு நல்ல தூண்டுதல்கள். இவை அனைத்தும் கால்பந்தில் உள்ளன. இதயநலம், இரத்தச் சர்க்கரைக் கட்டுப்பாடு, நல்லுறக்கம் ஆகியவற்றுக்கும் அது உதவுகிறது. மனச்சோர்வும் பதற்றமும் தலைதூக்கும் வயதில், தோழியருடன் சேர்ந்து ஓடும் ஒரு மணி நேரம் பல பிள்ளைகளுக்குப் பெரும் ஆறுதல்.

ஆனால் எலும்பு வளரும் அதே ஆண்டுகளில்தான் நம் வீடுகளில் சடங்கு நடக்கிறது. மஞ்சள் நீராட்டு முடிந்தவுடன், "இனி என்ன ஓட்டமும் ஆட்டமும்?" என்ற கேள்வி எழுகிறது. உடல் அதிகம் விளையாட வேண்டிய பருவமும், குடும்பம் விளையாட்டை நிறுத்தும் பருவமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன.

சொல்லப்படாத நான்கு காரணங்கள்

எங்கள் பிரிவுக்கு வரும் பிள்ளைகள் "பிடிக்கவில்லை", "முடியவில்லை" என்றுதான் தொடங்குவர். பொறுமையாகக் கேட்டால் அதன் பின்னே பெரும்பாலும் பின்வருவனவற்றுள் ஒன்று இருக்கும்.

முதலாவது, மாதவிடாய். கறை பற்றிய அச்சம், நாப்கின் மாற்ற இடமின்மை, மைதானத்துக்கு அருகில் தண்ணீருள்ள கழிவறை இல்லாமை, கடுமையான வலி ஆகியவை இதில் அடங்கும். இது பள்ளிச் சிறுமியின் சிக்கல் மட்டுமன்று. இங்கிலாந்து நாட்டு மகளிர் அணியின் வீராங்கனைகளே வெள்ளைக் கால்சட்டை குறித்துத் தங்கள் கவலையைத் தெரிவித்தனர். அதன் பின் 2023-இல் அவர்களுடைய கால்சட்டை நீல நிறத்துக்கு மாற்றப்பட்டது. உலகறிந்த வீராங்கனைகளுக்கே இருந்த கவலை, எட்டாம் வகுப்பு மாணவிக்கு இருப்பதில் வியப்பில்லை. நம் பள்ளிகளில் இம்மாற்றத்துக்குச் செலவேதும் இல்லை. அடுத்த முறை சீருடை வாங்கும்போது அடர்நிறத் துணியைத் தேர்ந்தால் போதும்.

இரண்டாவது, இரத்தசோகை. 2019–21-இல் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. 12 வயதைக் கடந்த பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தசோகை. இரத்தத்தின் வழியாகவே தசைகளுக்கு உயிர்வளி செல்கிறது. அது குறையும்போது பிள்ளை மற்றவர்களைப் போல ஓட முயன்று பின்தங்குகிறாள். பயிற்றுநர் அதைச் சோம்பல் என்கிறார். தாய் பலவீனம் என்கிறார். தனக்குத் திறமையில்லை என்று பிள்ளையே முடிவு செய்துகொள்கிறாள். எளிய இரத்தப் பரிசோதனை ஒன்று இம்மூவரின் கருத்தையும் மாற்றிவிடும்.

மூன்றாவது, போதாத உணவு. பயிற்சி நாட்களில் பிள்ளைக்குக் கூடுதல் உணவு தேவை. காலையில் ஒரு தம்ளர் காபியுடன் ஓடி, பள்ளி முடிந்து வெறும் வயிற்றுடன் ஆடும் பிள்ளைகள் பலர். மெலிந்த தோற்றம் வேண்டித் தாமே உணவைக் குறைப்போரும் உண்டு. செலவிடும் ஆற்றலுக்கு ஏற்ற உணவு நெடுநாள் கிடைக்காவிட்டால், உடல் சிக்கனமாக நடந்துகொள்ளத் தொடங்கும். மாதவிடாய் ஒழுங்கு தவறும் அல்லது நின்றுவிடும். எலும்பு வலுவிழந்து நுண்முறிவுகள் ஏற்படும். விளையாடும் பெண்ணுக்கு மாதவிடாய் நிற்பது இயல்பு என்று கூறப்படுவதுண்டு. அது தவறு, அது உடலின் எச்சரிக்கை.

நான்காவது, காயமும் அதன் பின் வரும் தனிமையும். முழங்காலின் உள்ளே ஏ.சி.எல். எனப்படும் முன்குறுக்குத் தசைநார் உள்ளது. கால்பந்தில் இத்தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகம். எவரும் மோதாமலே, குதித்து இறங்கும்போதோ சட்டெனத் திரும்பும்போதோ அது நேர்கிறது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஆட்டத்துக்குத் திரும்ப ஒன்பது மாதங்களாவது ஆகும். அந்த மாதங்களில் அணியின் தொடர்பு அறுந்துவிட்டால், முழங்கால் தேறினாலும் பிள்ளை திரும்பி வருவது அரிது.

இக்காயங்களில் பலவற்றைத் தடுக்க இயலும். 'பிஃபா 11 பிளஸ்' எனும் 20 நிமிட முன்பயிற்சிக்குப் பந்தைத் தவிர வேறு கருவி தேவையில்லை. மெதுவோட்டம், தசைவலு, உடற்சமநிலை, சரியாகக் குதித்து இறங்குதல் ஆகியவற்றுக்கான பயிற்சிகள் அதில் உள்ளன. நார்வே நாட்டில் 13 முதல் 17 வயதுப் பெண்களிடம் அதைச் சோதித்து 2008-இல் முடிவுகளை வெளியிட்டனர். அதைப் பின்பற்றிய அணிகளில் மொத்தக் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும், கடுமையான காயங்கள் கிட்டத்தட்டப் பாதியும் குறைந்திருந்தன. உங்கள் மகளின் பயிற்றுநரிடம் இதைப் பற்றித் தயங்காமல் கேளுங்கள்.

மூத்த துணை என்பவர் யார்?

மேற்கூறிய நான்கும் மருத்துவம் அறிந்த, தீர்வுள்ள சிக்கல்கள். ஆனால் அவை மருத்துவரை வந்தடைவதே இல்லை. பயிற்றுநர் பெரும்பாலும் ஆண். அவரிடம் மாதவிடாயைப் பற்றிப் பேசப் பிள்ளை கூசுகிறாள். தாயிடம் சொன்னால் விளையாட்டையே நிறுத்திவிடுவாரோ என அஞ்சுகிறாள். தோழியருக்கோ அவளுக்குத் தெரிந்த அளவே தெரியும். இந்த இடைவெளியில் நிற்க வேண்டியவரே மூத்த துணை.

அவர் மருத்துவரோ உளவியல் ஆலோசகரோ ஆக வேண்டியதில்லை. அதே மைதானத்தில் ஆடி, அதே கேள்விகளைச் சந்தித்து, சில ஆண்டுகள் முன்னே சென்ற ஓர் அக்காவாக இருந்தால் போதும். கல்லூரி அணியில் ஆடுபவர், முன்னாள் வீராங்கனை, உடற்கல்வி ஆசிரியை ஆகியோருள் எவரும் பொருத்தமானவரே. அவரிடம் இருக்க வேண்டிய முதற்பண்பு, அறிவுரை கூறுமுன் கேட்கும் பொறுமை. அணித் தேர்வில் அவருக்குப் பங்கு இல்லாதிருப்பது நல்லது. வலியைச் சொன்னால் அணியில் இடம் போய்விடும் என்ற அச்சம் பிள்ளைக்கு அப்போதுதான் நீங்கும்.

இதற்கு நம் நாட்டிலேயே சிறந்த எடுத்துக்காட்டு உள்ளது. ஜார்க்கண்ட் மாநிலத்தில் ராஞ்சியை அடுத்த சிற்றூர்களில் 2009-இல் 'யுவா' என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. இளவயதுத் திருமணம் மிகுந்த அப்பகுதியில், பெண் பிள்ளைகளை ஒன்றுசேர்க்கும் வழியாகக் கால்பந்து பயன்பட்டது. அங்கு வளர்ந்து ஆடிய மூத்த பெண்களே இளையவர்களுக்குப் பயிற்றுநராகவும் துணையாகவும் ஆயினர். ஆட்டத்தோடு உடல்நலம், வன்முறை, திருமண வயது, படிப்பு ஆகியவற்றைப் பற்றிப் பிள்ளைகள் வட்டமாக அமர்ந்து பேசும் அமர்வுகளும் நடந்தன. 2013-இல் அச்சிறுமியர் ஸ்பெயின் நாட்டில் நடந்த காஸ்டெய்ஸ் கோப்பைப் போட்டியில் மூன்றாமிடம் பெற்றனர். 2019-இல் 'யுவா'வுக்கு லாரியஸ் அமைப்பின் சமூகநல விளையாட்டு விருது கிடைத்தது. கோப்பையையும் விருதையும்விட, இளையவளுக்கு மூத்தவள் துணை என்னும் அந்த ஏற்பாடே நாம் கற்க வேண்டியது.

நம் மாநிலத்திலும் முன்னே சென்ற அக்காக்களுக்குக் குறைவில்லை. தேசிய மகளிர் கால்பந்து வாகையர் பட்டத்தைத் தமிழ்நாட்டு அணி 2018-இல் மணிப்பூரையும், 2023-இல் ஹரியானாவையும் இறுதி ஆட்டத்தில் வென்று பெற்றது. மதுரையின் சேது எஃப்.சி. 2019-இல் இந்திய மகளிர் லீக் வாகையர் ஆயிற்று. கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்கள வீராங்கனையாக ஆடியதுடன் தமிழ்நாடு காவல்துறையிலும் பணியாற்றுகிறார். இவர்களுடன் ஆடி, இவர்களைப் போலப் பெயர் பெறாத பெண்கள் மாவட்டந்தோறும் உள்ளனர். ஒரு பள்ளி அழைத்தால் வாரம் ஒருநாள் வந்து அமர அவர்களுள் சிலராவது முன்வருவர்.

துணை எவ்வாறு செயல்படுகிறது?

அண்மையில் 14 வயதுப் பிள்ளை ஒருத்தி, முன்னர்க் கூறிய அதே சான்றிதழ் கோரிக்கையுடன் அழைத்துவரப்பட்டாள். இம்முறை நான் கையொப்பமிடவில்லை, கேள்விகள் கேட்டேன். ஹீமோகுளோபின் 9.8 கிராம். அணியில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் அவளுடைய உடல் வளர்ச்சியைக் கேலி செய்திருக்கிறார். அன்று முதல் அவள் தோளைக் குறுக்கிக்கொண்டு ஓடினாள். பின்னர் வருவதையே நிறுத்தினாள்.

இரும்புச்சத்து மாத்திரைகளை நான் எழுதிக் கொடுத்தேன். எஞ்சியதைச் செய்தவர் வேறொருவர். பள்ளியின் உடற்கல்வி ஆசிரியை, அதே பள்ளியில் படித்துக் கல்லூரி அணியில் ஆடும் ஒரு மாணவியை அவளுக்கு அறிமுகப்படுத்தினார். விளையாட்டுக்கான உள்ளாடையை எந்த அளவில், எப்படித் தேர்வது என்பதை அந்த அக்கா சொல்லிக் கொடுத்தார். பையில் எப்போதும் ஒரு மாற்றுக் கால்சட்டையும் இரண்டு நாப்கின்களும் வைத்திருக்கும் தம் வழக்கத்தைக் காட்டினார். கேலியைப் பற்றிப் பிள்ளையின் ஒப்புதலுடன் ஆசிரியையிடம் பேசினார். ஆறாவது வாரத்தில் அவள் பயிற்சிக்குத் திரும்பினாள். மாவட்ட அணிக்கு அவள் தேர்வாகவில்லை. பள்ளி அணியிலும் மாற்று ஆட்டக்காரர்தான். ஆயினும் வாரம் நான்கு நாட்கள் ஆடுகிறாள். மருத்துவர் என்ற முறையில் எனக்கு அது போதும்.

இத்தகைய ஏற்பாட்டைத் தொடங்க விரும்பும் பள்ளிகளுக்கும் பெற்றோர் குழுக்களுக்கும் சில யோசனைகள்:

ஒரு துணைக்கு நான்கு அல்லது ஐந்து பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். வாரம் ஒருமுறை, பயிற்சி முடிந்தபின் 20 நிமிடங்கள் அமர்ந்தால் போதுமானது. உறக்கம், உணவு, மாதவிடாய், உடல்வலி, வீடும் பள்ளியும் என ஐந்து பொருள்களைப் பற்றி இயல்பாக விசாரிக்கலாம். இரண்டு முறை வராத பிள்ளையை மூன்றாம் முறை தேடிச் செல்ல வேண்டும். காயமுற்ற பிள்ளையை மைதானத்துக்கு வரச் செய்து, மதிப்பெண் குறித்தல், இளையவர்களுக்குப் பந்து எடுத்துக் கொடுத்தல் போன்ற சிறு பொறுப்புகள் அளித்து அணியோடு இணைத்தே வைத்திருக்க வேண்டும்.

பாதுகாப்பு விதிகள் முதல் நாளிலேயே அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சந்திப்பு பிறர் கண்ணில் படும் திறந்த இடத்தில் நிகழ வேண்டும். இரவு நேரத் தனிப்பட்ட கைப்பேசி உரையாடல் கூடாது. பயணங்களில் பொறுப்பான பெண் ஒருவர் உடன் செல்ல வேண்டும். பிள்ளை சொல்வதைத் துணை பிறரிடம் பரப்பக் கூடாது; ஆனால் அவளுக்குத் தீங்கு நேர்ந்துள்ளது அல்லது நேரக்கூடும் எனத் தெரிந்தால் அதை இரகசியமாக வைத்திருக்கவும் கூடாது. 18 வயதுக்குட்பட்டோர் மீதான பாலியல் குற்றத்தை அறிந்த எவரும் அதைத் தெரிவிக்க வேண்டும் என 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் கட்டாயமாக்குகிறது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

குடும்பத்தினர் எழுப்பும் ஐயங்கள்

கால்பந்து ஆடினால் கருப்பைக்கோ பிற்காலத் தாய்மைக்கோ கேடு வருமா?

வராது. கருப்பை இடுப்பெலும்புக் கூட்டுக்குள் பாதுகாப்பாக அமைந்துள்ளது. ஓடுவதாலோ குதிப்பதாலோ அது இடம் மாறுவதில்லை. நன்கு உண்டு விளையாடும் பெண்ணின் உடல் பிற்காலக் கருவுறுதலுக்கு வலுவான உடலே.

மாதவிடாய் நாட்களில் ஆடலாமா?

அவள் விரும்பினால் தாராளமாக ஆடலாம். மிதமான உடலியக்கம் பலருக்கு வயிற்றுவலியைக் குறைக்கிறது. ஓய்வெடுக்க விரும்பினால் அதையும் மதிக்க வேண்டும், முடிவு அவளுடையது. பள்ளிக்கே செல்ல இயலாத அளவு வலி இருப்பின், அதைத் தாங்கிக்கொள்ளச் சொல்லாமல் சிகிச்சைக்கு அழைத்து வாருங்கள்.

வெயிலில் கறுத்துவிடுவாளே?

நிறம் ஒரு நோயன்று. வெயிலில் நாம் கவலைப்பட வேண்டியது வெப்பச் சோர்வைப் பற்றியே. காலை அல்லது மாலையில் பயிற்சி, 15 முதல் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை தண்ணீர், நிழலில் இடைவேளை ஆகியவை தேவை. கழிவறை இல்லை என்பதற்காகத் தண்ணீர் குடிக்காமலிருக்கும் பிள்ளைகள் பலர். சிறுநீர்த் தொற்றுடன் வருபவர்களில் அவர்களும் உண்டு. மைதானத்தருகே கழிவறை கேட்பது நம் உரிமை.

படிப்பு கெட்டுவிடாதா?

பத்தாம் வகுப்பு வந்ததும் விளையாட்டை முற்றிலும் நிறுத்துவது வழக்கமாகிவிட்டது. நாளின் ஒரு மணி நேர ஆட்டம் உறக்கத்தையும் கவனத்தையும் மேம்படுத்துகிறது. தேர்வுக் காலத்தில் பயிற்சி நாட்களைக் குறைக்கலாம். அறவே நிறுத்த வேண்டியதில்லை. கல்லூரிச் சேர்க்கையிலும் அரசுப் பணியிலும் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் பெண்களுக்கான விளையாட்டு விடுதிகளையும் நடத்துகிறது.

என்ன உணவு கொடுப்பது?

விலையுயர்ந்த ஊட்டச்சத்துப் பொடிகள் தேவையில்லை. பயிற்சிக்கு முன் ஒரு வாழைப்பழம் அல்லது இரண்டு இட்லி. பின்னர் சுண்டல், முட்டை, பால், கடலை உருண்டை ஆகியவற்றுள் கிடைப்பது. முருங்கைக்கீரை, கம்பு, பயறு வகைகள், மீன், ஈரல் ஆகியவை இரும்புச்சத்து தருபவை. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா ஆகியவற்றை உணவுடன் சேர்த்தால் அச்சத்து நன்கு உடலில் சேரும். தேநீரும் காபியும் அதைத் தடுப்பதால் உணவுக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரம் முன்பின்னாக அவற்றைத் தவிர்க்க வேண்டும். பள்ளியில் வாரம் ஒருமுறை தரப்படும் இரும்புச்சத்து மாத்திரை வருமுன் காப்பதற்கானது. இரத்தசோகை ஏற்கெனவே இருந்தால் மருத்துவர் கூறும் அளவில் கூடுதலாக உட்கொள்ள வேண்டும்.

மருத்துவரிடம் எப்போது வர வேண்டும்?

பின்வருவனவற்றுள் எது இருந்தாலும் காத்திராமல் வாருங்கள்: 15 வயதாகியும் பூப்பெய்தாமை, வந்துகொண்டிருந்த மாதவிடாய் தொடர்ந்து மூன்று மாதங்கள் நின்றுவிடுதல், ஏழு நாட்களுக்கு மேல் இரத்தப்போக்கு, அல்லது ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டிய நிலை (சிலருக்கு இது இரத்தம் உறைவதில் உள்ள பிறவிக் குறைபாட்டின் முதல் அறிகுறி), முன்பு எளிதாக ஓடிய தொலைவுக்கே மூச்சு வாங்குதல், மண்ணையோ அரிசியையோ தின்னும் விருப்பம், திரும்பும்போது 'படக்' என்ற ஒலியுடன் முழங்கால் வீங்குதல், ஒரே இடத்தில் நீடிக்கும் எலும்புவலி, காரணமின்றி எடை குறைதல். ஆட்டத்தின்போது நெஞ்சுவலியோ மயக்கமோ ஏற்பட்டால், இதயப் பரிசோதனை முடியும் வரை ஆடக் கூடாது.

இரண்டு வாரங்களுக்கு மேல் பிள்ளை எதிலும் நாட்டமின்றி இருந்தாலோ, உறக்கமும் உணவும் மாறினாலோ, வாழ விருப்பமில்லை என்பதுபோல் பேசினாலோ, அதை வயதுக்கோளாறு எனத் தள்ளிவிடாதீர்கள். 'டெலிமானஸ்' மனநல உதவி எண் 14416 எந்நேரமும் செயல்படுகிறது; தமிழிலும் பேசலாம்.

இன்றிரவே செய்யக்கூடியது

உங்கள் வீட்டில் விளையாட்டை விட்டுவிட்ட, அல்லது விட நினைக்கும் மகளோ பேத்தியோ இருந்தால், அவளிடம் இவற்றைக் கேளுங்கள். "ஓடும்போது உனக்கு எது கடினமாக இருக்கிறது? மாதவிடாய் நாட்களில் அங்கே என்ன செய்கிறாய்? எங்கேனும் வலிக்கிறதா? யாராவது உன்னை ஏதேனும் சொன்னார்களா, செய்தார்களா? அங்கே மனம்விட்டுப் பேச உனக்கு ஓர் அக்கா இருக்கிறாரா?" விடை உடனே வராமல் போகலாம். கண்டிக்காமல், ஒரு வாரம் கழித்து மீண்டும் கேளுங்கள். தந்தையரும் கேட்கலாம், தந்தை ஒருமுறை மைதானத்துக்கு வந்து ஆட்டத்தைப் பார்த்தாலே, அக்கம்பக்கத்தாரின் பல கேள்விகளுக்கு அது விடையாகிவிடும்.

எல்லாவற்றையும் கேட்டபின்பும், உண்மையிலேயே அவளுக்குக் கால்பந்து பிடிக்கவில்லையெனில், இறகுப்பந்தோ கபடியோ நீச்சலோ எதுவாயினும் அவள் விரும்புவதைத் தொடரட்டும். அது அவளுடைய தேர்வு. வெளியில் சொல்ல முடியாத ஒரு காரணத்துக்காக, விருப்பத்துடன் ஆடிய பிள்ளை விலகுவதையே நாம் தடுக்க வேண்டும்.

சான்றிதழ் கேட்டு வருவோரிடம் இப்போது நான் இரத்தப் பரிசோதனைச் சீட்டை முதலில் எழுதுகிறேன். பிள்ளையிடம் தனியே பத்து நிமிடங்கள் பேசுகிறேன். உண்மையாகவே ஓய்வு தேவைப்படுவோருக்குச் சான்றிதழும் தருகிறேன். அதில் ஓய்வு முடியும் நாளையும், அவள் மைதானத்துக்குத் திரும்ப வேண்டிய நாளையும் சேர்த்தே குறிக்கிறேன்.